சமையல்காரம்மா கடலில் இறங்கியது

ஆடுகிற படகில் அடுப்பு வைத்துச் சமைப்பது யாருக்காவது விளையாட்டாகத் தெரிந்தால், ஒரே ஒரு நாள் வந்து கரண்டி பிடித்துப் பார்க்கட்டும். பாத்திரம் வலப்பக்கம் சாயும்போது நாம் இடப்பக்கம் சாய்ந்து அதைப் பிடிக்க வேண்டும். நகராமல் இருக்கக் கம்பி போட்டுக் கட்டிவிடலாம், சரி. உள்ளே கொதிக்கிறதே, அதற்கு யார் கம்பி கட்டுவது? இரண்டு முழங்கையிலும் சூடுபட்ட வடு இல்லாத படகுச் சமையல்காரி எங்கேயும் கிடையாது. இருந்தால், அவள் சமைக்கவில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அர்த்தம்.

இந்தப் படகில் பதினைந்து வருஷமாக அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதவளை எல்லோரும் சமையல்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். ஸ்கூபா முக்குளிக்க ஆசைப்படுகிறவர்களை ஏற்றிக்கொண்டு, மனித வாசமே இல்லாத ஒரு பவளத்திட்டு வரை போய், ஒரு வாரம் அங்கேயே நங்கூரம் போட்டுக் கிடந்துவிட்டுத் திரும்புகிற படகு அது. அவள் புருஷன் அதில் தலைமை வழிகாட்டி. முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு முதலில் அவர் இறங்குவார், வந்தவர்கள் பின்னாலேயே இறங்குவார்கள். மேலே வந்ததும் ஈரத் தலையோடு சமையலறை வாசலில் நின்று, "இன்னிக்கு என்ன பாத்தேன் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அவளுக்கு அப்போதுதான் பால் பொங்கும், இல்லாவிட்டால் எண்ணெய் காயும்.

"என்னத்தைப் பாத்தீங்க, மீனுதானே? அதைத்தான் நான் தினமும் கழுவி வறுத்துப் போடறேனே. தள்ளி நில்லுங்க, தண்ணி சொட்டுது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். மறுநாளும் வந்து நிற்பார். சொரணை கெட்ட மனுஷன் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அந்த மனுஷன் ஒரு நாள் காதை உடைத்துக்கொண்டு வந்தார். எப்படி என்று கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. சளி பிடித்தவன் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. ஆழம் போகப் போகத் தண்ணீர் காதை அழுத்தும், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் உள்ளே காற்று போய் அழுத்தம் சரியாகும். மூக்கு அடைத்திருந்தால் அந்த வழி திறக்காது. இதை ஒவ்வொரு பயணத்திலும் முதல் நாள் காலையில் எல்லோரையும் உட்காரவைத்துத் தொண்டை கிழியச் சொன்னவரே அவர்தான். எத்தனையோ பெரிய மனிதர்களை, "மூக்கு ஒழுகுதா? போய்ப் படுங்க சார்," என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவருக்குச் சளி பிடித்தது. அந்த வாரம் வந்த கூட்டம் பல வருஷமாகக் கனவு கண்டுவிட்டு வந்த கூட்டம். அவர்களை ஏமாற்ற மனசு வராமல் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு இறங்கினார். காது திறக்கவில்லை. பலமாக ஊதினார். இன்னும் பலமாக ஊதினார். உள்ளே ஏதோ ஒன்று 'டப்' என்று விட்டுப் போனது. மேலே தூக்கிக்கொண்டு வந்தபோது எது மேல் எது கீழ் என்று தெரியாமல் படகின் தரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

தலைசுற்றல் நின்றது. ஒரு காது பாதி போனது போனதுதான். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இனிமே தலை தண்ணிக்குள்ள போகவே கூடாது. போனா இன்னொரு காதும் போயிடும்."

கேப்டன் நல்ல மனுஷன். சின்னப் படகை ஓட்டிக்கொண்டு இருக்கட்டும், முக்குளிப்பவர்களைக் கொண்டுபோய் விட்டு ஏற்றி வரட்டும் என்றார். இவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "மத்தவன் முதுகுல சிலிண்டரை மாட்டிவிட்டுட்டு நான் மேல நிக்கிறதா? அதுக்கு வேற ஆளைப் பாருங்க."

ஆக, கடலே வேண்டாம் என்று முடிவானது. அவளுடைய அண்ணன் வீட்டில் தெருவைப் பார்த்த முன் அறை ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் ஒரு சாப்பாட்டுக் கடை போடுவது என்று பேசி, சுவருக்கு வெள்ளை அடித்து, மேடை கட்டி, அடுப்புகூட வாங்கி வைத்தாகிவிட்டது. அசையாத தரை, அசையாத அடுப்பு! இதைத்தான் அவள் பதினைந்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். புருஷனுடைய காது போன பிறகு கிடைத்தது. சந்தோஷப்படக் கூடாது என்று தெரிந்தும் மனசு ரகசியமாகச் சந்தோஷப்பட்டது. அதற்காக அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவரோ வீட்டில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், படுக்கை விரித்தால் படுத்தார்.

கடைசியாக ஒரு பயணம் மட்டும் மிச்சம் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள், அவள் மளிகை மூட்டைகளைச் சமையலறைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார். தலை காய்ந்திருந்தது.

"ஒரே ஒரு தடவை நீ இறங்கிப் பாரு."

"எங்க?"

"கீழ. அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வந்து உக்காந்துக்கறேன். கல்லாவுல உக்காருன்னா உக்காருவேன், வெங்காயம் உரின்னா உரிப்பேன். மூச்சு விட மாட்டேன்."

"என்னங்க விளையாடறீங்களா? என் வயசுக்கும் உடம்புக்கும் அந்த ரப்பர் சட்டையை மாட்டிட்டு நின்னா பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

அவள் யோசித்தாள். இறங்காவிட்டால் என்ன ஆகும்? ஆயுசு முழுக்க, குழாயில் தண்ணீர் வராத நாளில், மழை ஒழுகுகிற நாளில், ஒவ்வொரு சண்டையிலும், "நீ ஒரு தடவைகூட அதைப் பாக்கல," என்று ஒரு வார்த்தை வந்து விழும். அந்த வாயை அடைக்கவாவது இறங்கித் தொலைத்துவிடலாம் என்று தோன்றியது.

"ஒரு தடவைதான். அப்புறம் கடலைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது," என்றாள்.

"எடுக்க மாட்டேன்."

பவளத்திட்டு என்றால் பெரிய தீவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு பகல், இரண்டு இரவு விடாமல் ஓடினால், ஒன்றுமே இல்லாத கடலுக்கு நடுவே வெள்ளையாக ஒரு நுரைக்கோடு தெரியும். அலை வந்து உடைகிற கோடு. அது வளைந்து வளைந்து போய் ஒரு பெரிய வட்டமாக முடியும். வட்டத்துக்கு வெளியே பாதாளம். உள்ளே இடுப்பளவும் ஆளளவும், படகு நிற்கிற இடத்தில் மட்டும் அதைவிட ஆழமுமாகத் தெளிந்த தண்ணீர், நடுவில் ஒரு மணல் மேடு. மரம் கிடையாது, செடி கிடையாது. வட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் வாசல் மாதிரி இடைவெளி இருக்கிறது, படகு அது வழியாகத்தான் உள்ளே நுழையும். நுழைந்ததும் ஆட்டம் நின்றுவிடும். இத்தனை வருஷத்தில் சமையல்காரம்மாவுக்கு அந்த இடத்தைப் பற்றித் தெரிந்த ஒரே நல்ல விஷயம், அங்கே பாத்திரம் சாயாது என்பதுதான்.

மணல் மேட்டை ஒட்டி இடுப்பளவுத் தண்ணீரில் பாடம் ஆரம்பமானது. அவர் முழுக்கால் சட்டையோடு தண்ணீரில் நின்றார். தலை நனையாமல் இருக்க வேண்டுமே என்று அவள் அவரைப் பார்த்தாள், முகத்தில் மாட்டிய முக்குளிப்புக் கண்ணாடிக்குள் தண்ணீர் போகாமல் இருக்க வேண்டுமே என்று அவர் அவளைப் பார்த்தார். சொல்லிக்கொடுக்கத் துணைக்கு அவருடைய அக்கா மகள் நின்றாள். சாப்பாட்டு மேசையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்பதால் படகில் அவளுக்குத் 'துடைப்பம்' என்று பெயர். மாமாவிடம் தொழில் படித்து இப்போது அவருடைய இடத்துக்கு வந்திருந்தவள் அவள்தான்.

"அத்தை, கண்ணாடிக்குள்ள தண்ணி வந்தா பதறக் கூடாது. மேல் விளிம்பை அழுத்திப் பிடிச்சுட்டு மூக்கால ஊதுங்க. தண்ணி கீழ் வழியா ஓடிடும்."

"மூக்கால ஊதறதா? வாயால மூச்சு விடு, மூக்கால ஊதுன்னா எனக்கென்ன ரெண்டு மூளையா இருக்கு?"

ஊதினாள். தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாக மூக்கு வழியாக மண்டைக்கு ஏறியது. புரையேறி எழுந்து, கண்ணாடியைக் கழற்றி மணலில் வீசினாள்.

"போதும்! எனக்கு ஒண்ணும் பாக்க வேண்டாம். என்னைக் கொன்னுட்டு நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க!"

துடைப்பம் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. நடந்து போய்க் கண்ணாடியை எடுத்து, மணலைக் கழுவி, ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் எச்சில் தொட்டுத் தேய்த்து, அவளிடம் நீட்டினார். "இன்னும் ஒரே ஒரு தடவை," என்றார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் எதையும் இப்படிக் கெஞ்சி நீட்டி அவள் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு வாங்கி மாட்டிக்கொண்டாள்.

அன்றும் மறுநாளும், தனக்குச் சமையலும் துடைப்பத்துக்கு வந்தவர்களின் முக்குளிப்பும் இல்லாத நேரமெல்லாம் அந்த இடுப்பளவுத் தண்ணீரிலேயே கிடந்தாள். மூக்கால் ஊத வந்தது. வாயிலிருந்து காற்றுக் குழாயை எடுத்து மறுபடி கடிக்க வந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, எது வந்தாலும் மூச்சை நிறுத்தக் கூடாது. இதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "பயந்தாலும் சரி, ஆச்சரியப்பட்டாலும் சரி, மூச்சு மட்டும் ஓடிட்டே இருக்கணும். நின்னுடக் கூடாது."

"ஆச்சரியப்பட அங்க என்ன இருக்கு?" என்று கேட்டாள். அவர் மறுபடியும் குழாயை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை, அலை இல்லாத நேரமாகப் பார்த்துக் கிளம்பினார்கள். சின்னப் படகை அவரே ஓட்டினார். கேப்டன் கேட்டபோது மாட்டேன் என்ற வேலை அது. மனைவிக்காக ஒரு தடவை செய்தார். வாசலைத் தாண்டி, வட்டத்தின் வெளி ஓரத்தில் ஒரு மிதவையில் படகைக் கட்டினார். அவளுக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டு, ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தார். ஏற்கெனவே பார்த்ததை மறுபடியும் பார்த்தார்.

"மூளி வந்தா பயப்படாத. அது ஒண்ணும் செய்யாது," என்றார்.

மூளி யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பக்கத்து இறக்கையின் நுனி பிய்ந்துபோன கொம்புத் திருக்கை மீன். இந்த மனுஷன் அதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. மூளி இன்று வந்தது, மூளி இன்று வரவில்லை, மூளி சூலாக இருக்கிறது. கேட்டுக் கேட்டுக் காது புளித்த அவள், "உங்க மூளியையே கட்டிக்கிட்டிருக்கலாமே," என்று பல தடவை சொல்லியிருக்கிறாள்.

"வந்தா உங்களைக் கேட்டதாச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தாள்.

முதல் மூச்சு வரவில்லை. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை இழுக்காதே என்று உடம்பு அடம் பிடித்தது. துடைப்பம் அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு கண்ணுக்குக் கண் பார்த்தாள். சமையல்காரம்மா மூச்சை இழுத்தாள். வந்தது! பக்கத்தில் யாரோ படுத்துக் குறட்டை விடுவது போலத் தன் மூச்சு தனக்கே கேட்டது. மிதவையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பிடியாக இறங்கினாள். மூக்கைப் பிடித்து ஊதினாள், காது 'க்ளுக்' என்று திறந்தது. இன்னும் இரண்டு பிடி. மறுபடி ஊதினாள். கயிற்றை மட்டுமே பார்த்தாள். வேறு எதையும் பார்க்கத் தைரியம் இல்லை.

முதலில் கேட்டது சத்தம்தான். கடலுக்குள் சத்தம் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அல்லது சொன்னபோது அவள் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். எங்கு பார்த்தாலும் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு சட்டிக் கடுகு அல்ல, ஊரிலுள்ள அத்தனை அடுப்பிலும் ஒரே நேரத்தில் தாளிப்பது போன்ற சத்தம். யார் இங்கே சமைக்கிறார்கள் என்று பார்க்கத்தான் அவள் கயிற்றிலிருந்து கண்ணை எடுத்தாள்.

எடுத்த கண் எடுத்ததுதான்.

காலுக்குக் கீழே ஒரு ஊர் இருந்தது. மஞ்சளும் ஊதாவும் பழுப்பும் இளம்பச்சையுமாக, அடுக்கடுக்காக, மாடிக்கு மேல் மாடியாகப் பவளம். கோஸ் இலை மாதிரி விரிந்தது ஒன்று, மான்கொம்பு மாதிரிக் கிளைத்தது ஒன்று, ஒரு வீட்டளவுக்கு உருண்டு கிடந்தது ஒன்று. ஒவ்வொன்றின் சந்திலும் யாரோ குடியிருந்தார்கள். விரல் நகம் அளவு நீல மீன்கள் ஆயிரக்கணக்கில் கிளைகளுக்கு மேலே மிதந்தன. அவளுடைய நிழல் விழுந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே போய்விட்டன, நிழல் நகர்ந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தன. பச்சையும் சிவப்புமாக ஒரு பெரிய மீன் பவளத்தைக் கற்கண்டு கடிப்பது போல நறுக்கென்று கடித்து, பொடியைப் பின்னால் விட்டுக்கொண்டு போனது. ஒருவர்கூட அவளைக் கண்டுகொள்ளவில்லை. அவரவருக்கு அவரவர் வேலை. அப்படி ஒரு சுறுசுறுப்பு, அப்படி ஒரு சுத்தம். பதினைந்து வருஷமாக இதற்கு மேலே உட்கார்ந்துதானா நான் வெங்காயம் நறுக்கினேன் என்று நினைத்தாள். அவளுக்குத் திக்கென்றது.

துடைப்பம் கையைப் பிடித்து மெல்ல முன்னால் அழைத்துப் போனாள். தரை அங்கே முடிந்துபோனது. வட்டத்தின் ஓரம் அது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் காலை நீட்டியது போல இருந்தது. கீழே பார்த்தாள். சுவர் இறங்கிக்கொண்டே போனது. அடி இல்லை. நீலம், அதற்குக் கீழே அதைவிட நீலம், அதற்கும் கீழே பேரே இல்லாத ஒரு நிறம். விழப்போகிறோம் என்று துடைப்பத்தின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் விழவில்லை. அந்தப் பாதாளத்துக்கு மேலே, ஒரு சட்டியைக்கூடத் தூக்கிச் சுமக்காமல், முட்டி வலி இல்லாமல், எடையே இல்லாமல் அவள் சும்மா நின்றாள்.

அப்போது அந்த நீலத்துக்குள்ளிருந்து ஏதோ கறுப்பாக வந்தது.

ஒன்றல்ல, மூன்று. முதலில் நிழல் என்று நினைத்தாள். நிழல் இறக்கையை அசைத்தது. ஒரு அறையின் அகலத்துக்கு இறக்கை. அவசரமே இல்லாமல் ஒரு தடவை அசைத்தது, அந்த ஒரு அசைப்பில் பக்கத்தில் வந்துவிட்டது. துடைப்பம் அவளை ஓரத்துக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்து ஒரு மணல் குழியில் மண்டியிடவைத்தாள். உருண்டைப் பவளத்துக்கு மேலே வந்து மூன்றும் வரிசையாக நின்றன. சின்னச் சின்ன மீன்கள் ஓடி வந்து அவற்றின் வயிற்றையும் செவுளையும் கொத்திச் சுத்தம் செய்தன. ஒன்று முடியும் வரை அடுத்தது பொறுமையாகச் சுற்றி வந்தது. முண்டியடிக்கவில்லை. இடித்துக்கொள்ளவில்லை. மூன்றாவதாக வந்ததன் வலது இறக்கையில் நுனி இல்லை.

மூளி நேராக அவள் தலைக்கு மேலே வந்தது. வெளிச்சம் மறைந்தது. வெள்ளை வயிறும் அதில் மைத்துளி தெளித்தாற்போல் புள்ளிகளும் கைக்கு எட்டும் தூரத்தில் நகர்ந்தன. பிறகு அது சரிந்து திரும்பியது. ஒரு கண் அவளுக்கு நேராக வந்தது.

மீனின் கண்ணை அவள் எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அது ஒரு நாளும் அவளைப் பார்த்ததில்லை. இது பார்த்தது. யார் இந்தப் புது ஆள், வழக்கமாக வருகிறவர் எங்கே என்று கேட்கிற மாதிரிப் பார்த்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கும்பிட வேண்டும் போல் இருந்தது, ஆனால் கை வரவில்லை. மூச்சை நிறுத்தாதே, நிறுத்தாதே என்று அவர் குரல் உள்ளே கேட்டது. நின்றுபோயிருந்த மூச்சைப் பயந்துபோய் இழுத்தாள்.

இதைத்தான் அவர் தினமும் சொல்ல வந்து நின்றார். ஈரத் தலையோடு, சின்னப் பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து, வாசலில். தண்ணி சொட்டுது தள்ளி நில்லுங்க என்று விரட்டியிருக்கிறாள். இதை இழந்துவிட்டு வந்து வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரிடம், "போனாப் போகுது விடுங்க, உயிர் பிழைச்சீங்களே," என்று ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறாள். எது போனது என்று தெரியாமலே ஆறுதல்! கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கியது. தண்ணீருக்கடியில் அழுதால் துடைத்துக்கொள்ளக்கூட வழியில்லை.

துடைப்பம் அவளுடைய காற்று அளவைப் பார்த்துவிட்டு, மேலே போகலாம் என்று கைகாட்டினாள். இவள் தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடி காட்டினாள். இவள் ஒரு விரலை நீட்டி, இன்னும் ஒரே நிமிஷம் என்று கெஞ்சினாள். சின்னப் பெண் கண்ணை உருட்டி அதட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கயிற்றில் பாதி வழியில், அழுத்தம் குறைவதற்கு உடம்பு பழக வேண்டும் என்று வழக்கப்படி சற்று நேரம் நிறுத்தினார்கள். அந்த நேரம் முழுக்க அவள் குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே வரும்போது ஒரு முடிவு எடுத்துக்கொண்டாள். வாயைத் திறக்கக் கூடாது. என்ன பார்த்தோம் என்று சொன்னால் அந்த மனுஷன் நெஞ்சு வெடித்துவிடும். ஒன்றும் பெரிதாக இல்லை என்று சொல்லிவிட வேண்டும். கடலை விட்டுப் போவது லேசாக இருக்கும்.

அவர் கையைப் பிடித்து அவளைப் படகில் ஏற்றினார். கண்ணாடியைக் கழற்றி, முடியை ஒதுக்கிவிட்டு முகத்தைப் பார்த்தார்.

"பாத்தியா?"

"ம்."

"எப்படி இருந்துச்சு?"

"பரவால்ல." அவள் வேறு பக்கம் பார்த்தாள். "மீனுங்க இருந்துச்சு."

அவர் அவள் முகத்தை மறுபடி உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். காது போன நாளிலிருந்து காணாமல் போயிருந்த சிரிப்பு, தோளெல்லாம் குலுங்க வந்தது. "புளுகாத! மூஞ்சியைப் பாரு, புளுகறதுக்கும் ஒரு தெறம வேணும்டி!"

அவ்வளவுதான். எடுத்த முடிவு காற்றில் போனது. அவள் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "எனக்கு ஏங்க சொல்லல?" என்று அழுதாள். சொன்னாரே, தினமும் சொன்னாரே என்பது ஞாபகம் வந்ததும் இன்னும் பெரிதாக அழுதாள். துடைப்பம் தண்ணீரிலேயே மிதந்துகொண்டு, ஏறலாமா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தாள்.

சாயங்காலம், எல்லோருக்கும் சாப்பாடு போட்டு முடித்து, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, இருவரும் படகின் முன்பக்கம் உட்கார்ந்தார்கள். மூளி எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நேரம் நின்றது, உருண்டைப் பவளத்தின் தலை வெளுத்திருக்கிறதா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தைரியம் வந்தது.

"நாளைக்கும் இறங்கப் போறேன்."

"இறங்கேன். இந்த வாரம் முழுக்க இறங்கு."

"அடுத்த பயணமும் வரப் போறேங்க."

அவர் திரும்பினார். "கடை?"

"பூட்டின அறைதானே, எங்கயும் ஓடிடாது. கேப்டன்கிட்ட கேட்டுட்டேன். சின்னப் படகு ஓட்டற வேலை உங்களுக்கு இன்னும் இருக்காம்."

அவர் முகத்து வெளிச்சம் பொசுக்கென்று அணைந்தது. எழுந்து நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கீழ போவ. நான் மேல உக்காந்து தண்ணியையே பாத்துட்டு இருக்கணும். அப்படித்தானே? கீழ என்ன நடக்குதுன்னு தெரியாம, நீ வருவியா மாட்டியான்னு... அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியாதா?"

அவள் குரல் எழும்பவில்லை. அதுதான் அவரைத் திரும்பிப் பார்க்கவைத்தது.

"பதினஞ்சு வருஷமாங்க. தினமும் முதல்ல படகுக்குப் பக்கத்துலதானே இறங்குவீங்க, சமையலறை ஜன்னல்லருந்து பாத்தா அந்த இடம் தெரியும். உங்க மூச்சு குமிழி குமிழியா மேல வரும். அதைப் பாத்துட்டேதான் நான் ஒவ்வொரு நாளும் சமைச்சேன். குமிழி கொஞ்சம் நின்னா எனக்கு இங்க மூச்சு நின்னுடும். மறுபடி வந்தாத்தான் அடுத்த வெங்காயத்தை எடுப்பேன். நீங்க வந்து வாசல்ல நின்னதும் எனக்கு வர்ற கோபம், அது வேற என்னன்னு நெனச்சீங்க?"

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க ஒரு நாள்கூடக் கேக்கலியே."

அவர் மெல்ல உட்கார்ந்தார். அவர் எதுவும் சொல்லாமலே படுக்கப் போனார். அவளுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் பிடிக்கவில்லை. அதிகமாகப் பேசிவிட்டோமோ, புண்ணில் குத்திவிட்டோமோ என்று புரண்டு புரண்டு படுத்தாள்.

விடிந்து எழுந்து பார்த்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. பின்தளத்தில் துடைப்பம் இரண்டு சிலிண்டர்களைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இன்றைக்கு வட்டத்துக்கு உள்ளேயே, படகுக்குப் பக்கத்திலேயே இறங்கிப் பழகிக்கொள்ளலாம் என்றாள்.

"மாமா எங்கடி?"

துடைப்பம் தோளைக் குலுக்கினாள். சமையல்காரம்மா கனத்த மனசோடு சிலிண்டரை மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று எழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. குழாயைக் கடிக்கப் போன நேரம், உள்ளே தடால் என்று ஒரு சட்டி விழுந்தது. தொடர்ந்து ஒரு வசவு. சமையலறை ஜன்னல் திறந்தது. மாவு அப்பிய கையும், வியர்த்த முகமும் எட்டிப் பார்த்தன.

"உப்பை எங்கடி வெச்சுத் தொலைச்ச?"

"தேடுங்க!" என்று கத்திவிட்டு, குழாயைக் கடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தாள். தண்ணீர் முகத்தை மூடுவதற்கு முன்னால் கடைசியாக அந்த ஜன்னலைப் பார்த்தாள். அவர் உப்பைத் தேடப் போகவில்லை.